பஞ்சத்தின்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் என்ன ஆனது?

ஆம்ஸ்டர்டாமில் 1990-களின் நடுவில், ஐம்பது வயதை ஒட்டிய 702 பேரை ஒரு பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துவிட்டு, குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுக்கும் பரிசோதனைதான். நம் ஊரில் கர்ப்பிணிகளுக்குச் செய்கிறார்களே, அதே மாதிரி. அந்த 702 பேரில் ஒரு பகுதியினருக்கு இரண்டாவது முறை எடுத்த ரத்தத்தில் சர்க்கரை மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. உடல் பருமனில் இருந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தும் அந்தக் கூடுதல் போகவில்லை. அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது பிறந்த தேதி. 1944-45 குளிர்காலத்தில் அவர்கள் தங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஆம்ஸ்டர்டாம் பட்டினி கிடந்தது.

அம்மா பட்டினி கிடந்தால் பிள்ளை மெலிந்து பிறக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை பிறந்து, நன்றாகச் சாப்பிட்டு, ஆரோக்கியமாக வளர்ந்து, கல்யாணம் கட்டி, பேரன் பேத்தி எடுக்கும் வயதுக்கு வந்த பிறகும் அந்தப் பட்டினி உடம்புக்குள் வேலை செய்யும் என்பது அப்படித் தெரிந்த விஷயம் அல்ல. அது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது, எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை முதலிலிருந்து பார்ப்போம்.

அந்தக் குளிர்காலம்

1944 செப்டம்பர் 17-ஆம் தேதி, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தில், ஆர்னெம் நகரம் வரையிலான பாலங்களைப் பிடிப்பதற்காக நேசப் படைகள் வானிலிருந்து வீரர்களை இறக்கின. அவர்களுக்கு உதவியாக ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டும் என்று லண்டனில் தஞ்சம் புகுந்திருந்த டச்சு அரசு கேட்டுக்கொண்டது. ரயில்கள் நின்றன. ஆனால் ஆர்னெம் பாலம் கைக்கு வரவில்லை. நாட்டின் தெற்குப் பகுதி விடுதலையாகிவிட, ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக் முதலிய மேற்கு நகரங்கள் ஜெர்மானியரின் பிடியிலேயே மாட்டிக்கொண்டன. வேலைநிறுத்தத்துக்குப் பழிவாங்குவதற்காக, மேற்குப் பகுதிக்கு உணவு போவதை ஜெர்மானிய நிர்வாகம் தடுத்தது. நவம்பரில் தடையைக் கொஞ்சம் தளர்த்தி, படகில் கொண்டுபோகலாம் என்றார்கள். அந்த வருடம் குளிர் சீக்கிரமே வந்து கடுமையாக அடித்தது. கால்வாய்கள் உறைந்தன. படகுகள் நகரவில்லை.

ரேஷனில் ஒருவருக்குக் கிடைத்தது நவம்பர் கடைசியில் நாளுக்கு 1,000 கலோரிக்கும் கீழே போனது. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை 400 முதல் 800 கலோரிக்குள். உட்கார்ந்த இடத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கே நாளுக்கு 1,800-க்கு மேல் வேண்டும். கர்ப்பிணிக்கு அதைவிடக் கூடுதல். இங்கே ஒரு நாளுக்குக் கிடைத்தது இரண்டு துண்டு ரொட்டி, இரண்டு உருளைக்கிழங்கு, கொஞ்சம் சர்க்கரை பீட்ரூட். கர்ப்பிணிகளுக்குத் தனியாக ஒதுக்கீடு இருந்தது. ஆனால் பஞ்சம் உச்சத்தைத் தொட்டபோது கொடுப்பதற்குப் பொருள் இல்லை.

அப்புறம் கையில் அகப்பட்டதை எல்லாம் தின்றார்கள். துலிப் பூவின் கிழங்கைக்கூட. தோலை உரித்து, கிழங்கை இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் மஞ்சள் முளையைக் கிள்ளி எறிய வேண்டும், அதில் நஞ்சு உண்டு. மிச்சத்தை வேகவைத்து மசித்துக் குடிப்பார்கள். விறகுக்காகத் தெருவோர மரங்களை வெட்டினார்கள், டிராம் தண்டவாளங்களுக்கு இடையில் பதித்திருந்த மரக்கட்டைகளையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். நகரத்துப் பெண்கள் டயர் இல்லாத சைக்கிளில் ஏறி, வீட்டுத் துணிமணியையும் நகையையும் எடுத்துக்கொண்டு, உருளைக்கிழங்குக்கும் கோதுமைக்கும் மாற்ற கிராமங்களுக்குப் போய் வந்தார்கள். சுமார் 20,000 பேர் இறந்தார்கள். டச்சுக்காரர்கள் இன்றும் அதைப் பசிக் குளிர்காலம் என்றே சொல்கிறார்கள்.

1945 ஏப்ரல் 29-ஆம் தேதி பிரிட்டிஷ் விமானங்களும், அடுத்த ஓரிரு நாளில் அமெரிக்க விமானங்களும் குண்டுக்குப் பதிலாக உணவு மூட்டைகளைப் போட ஆரம்பித்தன. மே 5-இல் விடுதலை. ஜூன் மாதத்திலேயே ரேஷன் 2,000 கலோரியைத் தாண்டிவிட்டது.

ஏன் இந்தப் பஞ்சத்தை மட்டும் இவ்வளவு ஆராய்கிறார்கள்?

உலகத்தில் இதைவிடப் பல மடங்கு பெரிய பஞ்சங்கள் வந்திருக்கின்றன. இதற்கு ஒரு வருடம் முன்னால்தான், 1943-இல், வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். ஆனாலும் கருவில் பட்ட பசியைப் பற்றிப் பேசும் யாரும் ஹாலந்து என்றும் சொல்லப்படும் நெதர்லாந்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அதற்குக் காரணம் அங்கே பட்ட துன்பம் பெரிது என்பதல்ல. அந்தப் பஞ்சத்துக்குத் தெளிவான ஒரு தொடக்கமும் தெளிவான ஒரு முடிவும் இருந்தன. முன்பும் பின்பும் ஜனங்கள் ஓரளவு நன்றாகவே சாப்பிட்டார்கள். பணக்காரர், ஏழை என்ற வித்தியாசம் இருந்தாலும் பசி எல்லா வர்க்கத்தையும் தொட்டது. எல்லாவற்றையும்விட முக்கியம், பஞ்சத்தின் நடுவிலும் மருத்துவச்சிகளும் மருத்துவர்களும் பதிவேடு எழுதுவதை நிறுத்தவில்லை.

ஆம்ஸ்டர்டாமில் வில்ஹெல்மினா காஸ்ட்ஹாய்ஸ் என்ற மருத்துவமனையின் பிரசவப் பதிவுகள் அப்படியே தங்கின. தாயின் எடை, குழந்தையின் எடை, நீளம், தலைச் சுற்றளவு என்று வரிவரியாக எழுதி வைத்திருந்தார்கள். 1943 நவம்பர் 1 முதல் 1947 பிப்ரவரி 28 வரை அங்கே பிறந்த 2,414 குழந்தைகளைப் பிற்காலத்தில் தேடிப் பிடித்தார்கள். தொடக்கத்தில் சொன்ன 702 பேரும் இந்தப் பட்டியலில் உள்ளவர்கள்தான். டெஸ்ஸா ரோஸ்போம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல வருடங்களாக இவர்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்தக் குளிரில், விறைத்த கையோடு பதிவேட்டில் குழந்தையின் எடையைக் குறித்து வைத்தவர்களுக்கு இந்த அறிவியல் பட்டிருக்கும் கடன் சாதாரணமானது அல்ல.

யாரையும் வேண்டுமென்றே பட்டினி போட்டு ஆராய முடியாது, கூடவும் கூடாது. இங்கே ஒரு கொடுமை தானாக நடந்துவிட்டது. அதன் விளைவைத் தேதி வாரியாகப் பார்க்கும் வாய்ப்பு ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. பஞ்சத்துக்கு முன்பே பிறந்தவர்களையும், பஞ்சம் தீர்ந்த பிறகு கருவானவர்களையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, நடுவில் மாட்டியவர்களை மறுபக்கம் வைத்து ஒப்பிட்டார்கள்.

எப்போது பசித்தது என்பதுதான் கேள்வி

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் சாரம், நிதானமாகப் படியுங்கள்.

பஞ்சத்தில் மாட்டியவர்களைப் பிறந்த தேதியை வைத்து, 16 வாரத்துக்கு ஒரு கூட்டமாக மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். 1945 ஜனவரி முதல் ஏப்ரல் வரை பிறந்தவர்களின் அம்மாக்கள் கர்ப்பத்தின் கடைசிப் பகுதியில் பட்டினி கிடந்தவர்கள். மே முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை பிறந்தவர்களுக்குக் கர்ப்பத்தின் நடுப்பகுதி பட்டினியில் கழிந்தது. ஆகஸ்டு நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை பிறந்தவர்கள் மூன்றாவது கூட்டம். அவர்கள் கருத்தரித்ததே பஞ்சத்தின் உச்சத்தில். முதல் சில மாதங்கள் பட்டினி, அதன் பிறகு விடுதலை வந்து அம்மாவுக்கு வயிறார உணவு.

பிறந்த எடையை மட்டும் பார்த்தால், அடி வாங்கியவர்கள் முதல் கூட்டத்தார். கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தைக்குச் சதை பிடிக்கும். அப்போது உணவு இல்லாததால் இவர்கள் சராசரியைவிடச் சுமார் 300 கிராம் குறைவாகப் பிறந்தார்கள். மூன்றாவது கூட்டத்தார் சாதாரண எடையோடு, கொழுகொழு என்று பிறந்தார்கள். பார்த்த மருத்துவர்கள் இவர்கள் தப்பித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஐம்பது வருடம் கழித்துப் பார்த்தபோது கதை தலைகீழாக இருந்தது. குளுக்கோஸைச் சமாளிக்கும் திறன் மூன்று கூட்டத்தாருக்கும் ஓரளவு குறைந்திருந்தது. ஆனால் இதய நோய் அதிகம் தென்பட்டது அந்த மூன்றாவது கூட்டத்தில். பஞ்சத்தைக் கருவில் அறியாதவர்களில் 3.2 சதவீதம் பேருக்கு இதயத் தமனி நோய் இருந்தது, கர்ப்பத்தின் தொடக்கத்தில் மாட்டியவர்களில் 8.8 சதவீதம் பேருக்கு. கொழுப்பின் அளவும் இவர்களுக்குத்தான் மோசம். பெண்களுக்கு உடல் பருமனும் கூடுதல். கர்ப்பத்தின் நடுவில் பட்டினி பட்டவர்களுக்கு மூச்சுக்குழாய் அடைப்பு நோயும், சிறுநீரில் புரதம் கசிவதும் அதிகமாக இருந்தன. எந்த மாதத்தில் எந்த உறுப்பு உருவாகிக்கொண்டிருந்ததோ, அந்த உறுப்பில் காயம்.

நெல் விவசாயம் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கதிர் வரும் பருவத்தில் தண்ணீர் தப்பிவிட்டால், அப்புறம் எவ்வளவு பாய்ச்சினாலும் பயிர் பச்சைப் பசேலென்று நிற்குமே தவிர, அறுவடையில் பதர்தான் மிஞ்சும்.

பிறந்த எடையை மட்டும் வைத்துக் குழந்தை நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது என்பதை இவ்வளவு தெளிவாக வேறு எந்த ஆய்வும் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. அதே சமயம், நோயாளிகளின் எண்ணிக்கை சிறியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 736 பேரைச் சோதித்ததில் இதய நோய் இருந்தவர்கள் 24 பேர்தான். அதனால் அந்த 8.8 என்ற எண்ணைக் கல்லில் பொறித்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. திசையைக் காட்டும் எண் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் திசை 1976-லேயே தெரிந்திருந்தது. நெதர்லாந்தில் ராணுவச் சேவைக்காக எல்லா இளைஞர்களையும் எடை, உயரம் பார்ப்பார்கள். 19 வயதுள்ள சுமார் 3 லட்சம் ஆண்களின் பதிவை எடுத்துப் பார்த்தபோது, கர்ப்பத்தின் முதல் பாதியில் பட்டினி பட்டவர்களிடம் உடல் பருமன் ஏறக்குறைய இரு மடங்கு. கடைசி மாதங்களிலும் பிறந்த சில மாதங்களிலும் பட்டினி பட்டவர்களிடம் உடல் பருமன் குறைவு. ஒரே பஞ்சம், எதிரெதிர் விளைவு. இதே ராணுவப் பதிவுகளை வைத்து ஜீனா ஸ்டைன், மெர்வின் சஸர் என்ற ஆய்வாளர் தம்பதியர் 19 வயது ஆண்களின் அறிவுத்திறனையும் பார்த்தார்கள். அதில் பஞ்சத்தின் தடமே இல்லை. இந்தப் பிள்ளைகள் மந்தமாகிவிடுவார்கள் என்று பயந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கருவுக்குச் சோறு நஞ்சுக்கொடி வழியாகத்தான். வரத்து குறைந்தால் கரு முதலில் மூளையைக் காப்பாற்றும். ரத்த ஓட்டத்தை அங்கே திருப்பிவிட்டு, கணையம், சிறுநீரகம், கல்லீரல், தசை ஆகியவற்றுக்கான பங்கைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் உயிர் பிழைக்க அதுதான் வழி. விலையைப் பிற்பாடு கொடுக்க வேண்டியிருக்கிறது.

சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான் என்ற நுண்ணிய அமைப்புகள் ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் அளவில் இருக்கும். அவை எல்லாம் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே உருவாகி முடிந்துவிடும். பிறகு வாழ்நாள் முழுக்கப் புதிதாக ஒன்றுகூட முளைக்காது. குறைவான எண்ணிக்கையோடு பிறந்தவருக்கு இருபது வயதில் ஒன்றும் தெரியாது. இருப்பவை கூடுதலாக உழைத்து ஈடுகட்டும். நாற்பது, ஐம்பதில் அந்த உழைப்பே அவற்றைத் தேய்த்துவிடும், ரத்த அழுத்தமும் ஏறும். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களுக்கும் இதே மாதிரி கணக்குதான். அவற்றின் கையிருப்பு பெரும்பாலும் கர்ப்பத்திலும் குழந்தைப் பருவத்தின் தொடக்கத்திலும் தீர்மானமாகிவிடுகிறது.

இந்தச் சிந்தனையை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் பிரிட்டிஷ் மருத்துவர் டேவிட் பார்க்கர். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் எடையை எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பதிவேடுகளிலிருந்து, பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்த ஆண்கள் பின்னாளில் மாரடைப்பால் அதிகம் இறந்ததை 1989-இல் அவர் காட்டினார். 1992-இல் ஹேல்ஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு விளக்கமும் கொடுத்தார். வயிற்றுக்குள் பற்றாக்குறையைக் கண்ட கரு, வெளியுலகமும் பற்றாக்குறையாகத்தான் இருக்கும் என்பது போலச் சிக்கன உடம்பாகத் தன்னை அமைத்துக்கொள்கிறது. வெளியே வந்து பார்த்தால் உணவு தாராளம். சிக்கனத்துக்கு அமைந்த உடம்பால் தாராளத்தைச் சமாளிக்க முடியவில்லை. சர்க்கரை நோய் வருகிறது.

இதற்கு உதாரணமாக லெனின்கிராடைச் சொல்வார்கள். 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை ஜெர்மானியரின் முற்றுகையில் கிடந்த ரஷ்ய நகரம் அது. அங்கே கருவில் பட்டினி பட்டவர்களை 1997-இல் வெளியான ஓர் ஆய்வில் பார்த்தபோது, சர்க்கரைச் சிக்கல் கூடுதலாக இல்லை. லெனின்கிராடில் பட்டினி நீண்ட காலம் நீடித்தது, பிறந்த பிறகும் குழந்தைகளுக்குத் தாராளம் கிடைக்கவில்லை. வயிற்றுக்குள் இருந்ததும் வெளியே கண்டதும் ஒன்றாகவே இருந்ததால் சிக்கல் வரவில்லை என்று சிலர் விளக்குகிறார்கள். அழகான விளக்கம்தான். ஆனால் இரண்டு நகரங்களை மட்டும் வைத்து அதை நிரூபித்ததாகச் சொல்ல முடியாது.

மரபணுவின் மேல் ஒரு குறி

2008-இல் வந்த ஓர் ஆய்வு பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பஞ்சத்தின்போது கருவான 60 பேரை எடுத்து, ஒவ்வொருவருக்கும் பஞ்சத்துக்கு முன்னோ பின்னோ கருவான அவரவர் அண்ணனையோ தம்பியையோ, அக்காவையோ தங்கையையோ ஜோடி சேர்த்தார்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். ஒரே அப்பா அம்மா, ஒரே வீட்டுச் சாப்பாடு, ஆகவே ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. கருவின் வளர்ச்சியில் பங்குள்ள ஐஜிஎஃப்-2 என்ற மரபணுவைப் பார்த்தபோது, பஞ்சத்தில் கருவானவர்களுக்கு அதன் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகள் உடன்பிறந்தவர்களைவிடக் குறைவாக இருந்தன.

மரபணு எழுத்து மாறவில்லை. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைப்பதில் இந்தக் குறிகளுக்குப் பங்கு உண்டு. கருவான முதல் நாட்களில் இவை அழிந்து, புதிதாக எழுதப்படுகின்றன. அந்த நேரத்தில் இருந்த பசியின் தடம் அறுபது வருடம் கழித்தும் ரத்தத்தில் அளக்கக்கூடியதாக இருந்தது. கடைசி மாதங்களில் பட்டினி பட்டவர்களிடம் இந்த வித்தியாசம் இல்லை. இங்கேயும் காலம்தான் முடிவு செய்கிறது.

ஆனால் அந்தக் குறி குறைந்ததால்தான் அவர்களுக்கு நோய் வந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. தாத்தா பாட்டி பட்ட பஞ்சம் மரபணுவில் எழுதப்பட்டு நம்வரை வந்துவிட்டது என்ற பேச்சு இப்போது இணையத்தில் நிறைய ஓடுகிறது. பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சில டச்சு ஆய்வுகள் உண்டு. அவற்றின் முடிவுகள் சிறியவை, ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவும் இல்லை. பெண் கருவுக்குள் அதன் முட்டைகளும் வயிற்றிலேயே உருவாகிவிடுவதால், ஒரு கர்ப்பிணியின் பசி மூன்று தலைமுறையை ஒரே நேரத்தில் தொடுகிறது என்பது உண்மை. அதிலிருந்து, வம்சம் வம்சமாகப் பஞ்சம் தொடரும் என்று தாவுவது பயத்தை வளர்க்குமே தவிர, யாருக்கும் உதவாது.

மனமும் மூளையும்

பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களிடம் மனச்சிதைவு நோய் சுமார் இரு மடங்கு என்று 1990-களில் வந்த டச்சு ஆய்வுகள் காட்டின. அதே குழந்தைகளிடம் முதுகுத்தண்டும் மூளையும் சரியாக மூடாத பிறவிக் குறைபாடுகளும் அதிகம். சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில், 1959-61 பெரும் பஞ்சத்தில் பிறந்தவர்களை 2005-இல் பார்த்தபோதும் மனச்சிதைவு இரு மடங்கு. இரண்டு கண்டம், இரண்டு உணவுப் பழக்கம், ஒரே விடை. அதனால் இதை நான் கூடுதலாக நம்புகிறேன். இரு மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். மனச்சிதைவு நோய் நூற்றில் ஒருவருக்குக்கூட வராதது. இரு மடங்கானாலும் பெரும்பான்மையோர் தப்பித்தவர்களே.

சீனப் பஞ்சத்தைப் பற்றிய சர்க்கரை நோய் ஆய்வுகளை மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும். பலவற்றில், பஞ்சத்தில் பிறந்தவர்களை அதற்குப் பின் பிறந்தவர்களோடு மட்டும் ஒப்பிட்டிருக்கிறார்கள். பின்னால் பிறந்தவர்கள் வயதில் இளையவர்கள். வயது கூடினால் சர்க்கரை நோய் தானாகவே கூடும். பஞ்சத்துக்கு முன் பிறந்த மூத்தவர்களையும் சேர்த்து ஒப்பிட்டால் வித்தியாசம் பெருமளவு கரைந்துவிடுகிறது. இந்தத் துறையில் எந்தச் செய்தியைப் படித்தாலும் இந்தப் பஞ்சத்துப் பிள்ளைகளை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்.

டச்சு ஆய்வுக்கும் ஒரு சிக்கல் உண்டு. பசியில் பல பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனது. பஞ்சம் முடிந்து சில மாதங்களில் பிறப்புகளே ஏறக்குறையப் பாதியாகிவிட்டன. அந்தச் சூழ்நிலையிலும் கருத்தரித்தவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் வலுவாக இருந்திருக்கலாம். அதனால்தான் உடன்பிறந்தவர்களை ஜோடி சேர்க்கும் ஆய்வுகளுக்கு இவ்வளவு மதிப்பு.

2024-இல் உக்ரைனிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. 1932-33-இல், ஸ்டாலின் காலத்தில், கிராமங்களிலிருந்து தானியத்தைப் பறித்துக்கொண்டு போனதால் லட்சக்கணக்கானவர்கள் இறந்த பஞ்சம் அது. எல். எச். லூமி குழுவினர் 1,28,225 சர்க்கரை நோயாளிகளின் பதிவுகளை எடுத்து, அவர்கள் பிறந்த மாதத்தையும், பிறந்த பகுதியில் பஞ்சம் எவ்வளவு கடுமை என்பதையும் வைத்துப் பார்த்தார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் கடும் பஞ்சத்தைக் கண்டவர்கள் 1934-இன் முதல் பாதியில் பிறந்தவர்கள். அவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல். பஞ்சம் கடுமையாக இல்லாத பகுதிகளில் அந்த ஏற்றம் இல்லை. பஞ்சம் எவ்வளவு கடுமையோ விளைவும் அவ்வளவு கடுமை என்று படிப்படியாகத் தெரியும்போது, தற்செயல் என்று ஒதுக்குவது கஷ்டம்.

பிறந்த பிறகு பட்ட பசியும் சும்மா விடுவதில்லை. ஹாலந்துப் பஞ்சத்தைக் குழந்தையாகவும் இளம் பெண்ணாகவும் கண்டவர்களைப் பிற்காலத்தில் பார்த்தபோது, கடுமையாகப் பட்டினி கிடந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல் வந்திருந்தது.

நம் பக்கத்தில்

மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்தவர்களின் பதிவுகள் கிடைத்தன. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களைத் தேடிப் பார்த்ததில், இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவாகவும் பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய் இருந்தது. மூன்று கிலோவைத் தாண்டிப் பிறந்தவர்களிடம் அது 3 சதவீதம். இது பஞ்சம் அல்ல, தினசரி வாழ்க்கையில் இருந்த பற்றாக்குறை.

புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் மருத்துவர் யாக்னிக் குழுவினர் கண்டது இன்னும் யோசிக்க வைக்கிறது. அங்கே குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோதான். இங்கிலாந்துக் குழந்தைகளைவிட முக்கால் கிலோவுக்கும் மேல் குறைவு. சதையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்தன. ஆனால் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. ஒல்லியாக இருக்கும் நம்மவர்களுக்கு நாற்பது வயதிலேயே சர்க்கரை வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் தன் அம்மாவைக் குறை சொல்லிவிடக் கூடாது. எனக்கு இந்தத் துறையில் இருக்கும் பெரிய கவலையே இதுதான். ஆய்வுகளில் எல்லாம் தாயின் உணவு என்றே எழுதுகிறார்கள், பழியும் மெதுவாகத் தாயின் பக்கம் நகர்ந்துவிடுகிறது. ஆம்ஸ்டர்டாமில் தாய்மார்கள் சாப்பிட மறுக்கவில்லை. ஒரு நிர்வாகம் உத்தரவு போட்டு உணவை நிறுத்தியது. உக்ரைனில் ஓர் அரசு தானியத்தை அள்ளிக்கொண்டு போனது. பஞ்சத்தில் கருவானவர்களுக்கு விதி எழுதப்பட்டுவிட்டது என்றும் அர்த்தம் இல்லை. இவை எல்லாம் வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது என்று சொல்லும் கணக்குகள். குறைந்த எடையில் பிறந்தவர் என்று தெரிந்தால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் முப்பது வயதிலேயே பார்க்கத் தொடங்குவது நல்லது, மருத்துவரிடம் அந்த விவரத்தைச் சொல்வதும் நல்லது.

கர்ப்பிணிகளுக்கான உதவித் திட்டங்களில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. நாள் தள்ளிப்போய், பரிசோதனை செய்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து, சத்துமாவு கைக்கு வரும்போது இரண்டு மூன்று மாதம் ஓடியிருக்கும். ஹாலந்தும் உக்ரைனும் ஆபத்தான காலம் என்று காட்டுவது அந்த மாதங்களைத்தான். அப்படியானால் கர்ப்பத்துக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். மும்பையின் குடிசைப் பகுதிகளில் 2006 முதல் அதைச் செய்து பார்த்தார்கள். கல்யாணமான பெண்களுக்கு, கருத்தரிக்கும் முன்பிலிருந்தே, கீரையும் பழமும் பாலும் சேர்த்த ஒரு தின்பண்டத்தைத் தினமும் கொடுத்தார்கள். ஒப்பீட்டுக்கு இன்னொரு குழுவுக்குச் சத்துக் குறைந்த காய்களில் செய்த தின்பண்டம். மொத்தமாகப் பார்த்தால் குழந்தைகளின் எடையில் பெரிய மாற்றம் இல்லை. கருத்தரிக்கும் முன் மூன்று மாதமாவது சாப்பிட்டவர்களின் குழந்தைகள் மட்டும் சுமார் 48 கிராம் கூடுதலாகப் பிறந்தார்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்தவர்கள் மற்றக் குழுவில் 12.4 சதவீதம், கீரைப் பண்டம் சாப்பிட்டவர்களில் 7.3 சதவீதம்.